ஐயப்படுவோர் ஐயப்படாத இடம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய நிகழ்வுகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும் சதிகளைத் தேடி, பெருநிறுவனங்களுக்கு வெளியே உள்ள மாற்று ஊடகங்களில் இயங்கும் சதி ஆய்வாளர்களைப் பற்றி நாளிதழ்கள் எழுதுவதைப் பெரும்பாலும் இரண்டு வகைகளில் அடக்கிவிடலாம். ஒன்று, அவர்களை அறிவிலிகள் என்று சிரித்து ஒதுக்குவது. மற்றொன்று, அவர்களைப் பெரும் ஆபத்தாகச் சித்தரித்து, அவர்களுடைய வாயை அடைக்க வழி தேடுவது. அவர்களுடைய எழுத்தையும் காணொளிகளையும் நெடுங்காலமாக அக்கறையோடு பின்தொடர்ந்து வருபவன் என்ற முறையில், இந்த இரண்டு அணுகுமுறைகளுமே உண்மையான சிக்கலைத் தொடவில்லை என்று கருதுவதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். அதிகாரத்தில் இருப்பவர்கள் சொல்வதை ஐயத்தோடு பார்ப்பது குற்றமாகாது. அது ஒரு குடிமகனின் கடமை. ஆனால் அந்த ஐயத்தை ஒரே திசையில் மட்டும் செலுத்திவிட்டு, தாங்கள் விரும்பும் முடிவுக்கு முன்னால் அதைக் கீழே இறக்கி வைத்துவிடும் ஒருவரைத் திறந்த மனம் உடையவர் என்று சொல்ல முடியுமா என்பதே என் கேள்வி.

முதலில் அவர்கள் பக்கம் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கிகி என்னும் ஊரை மையமாகக் கொண்டு, அந்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை 1932-ஆம் ஆண்டு ஓர் ஆய்வைத் தொடங்கியது. சிஃபிலிஸ் என்னும் பால்வினை நோய் கண்ட 399 கறுப்பின ஆண்களையும், அந்த நோய் இல்லாத 201 பேரையும் சேர்த்துக்கொண்டு, சிகிச்சை அளிக்காமல் விட்டால் நோய் உடலை எப்படி அழிக்கிறது என்று கவனிப்பதே அதன் நோக்கம். தங்களுக்கு வந்திருப்பது என்ன நோய் என்றுகூட அவர்களிடம் சொல்லப்படவில்லை; இரத்தம் கெட்டிருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள். 1940-களின் பிற்பாதியில் பென்சிலின் அந்த நோய்க்கு உறுதியான மருந்தாக நிலைபெற்ற பிறகும் அது அவர்களுக்குத் தரப்படவில்லை. அதே துறையில் பணியாற்றிய பீட்டர் பக்ஸ்டன் என்பவர் 1966 முதல் துறைக்குள்ளேயே எதிர்ப்புத் தெரிவித்துப் பார்த்தார். பயன் இல்லாமல் போகவே செய்தியாளர்களிடம் சென்றார். 1972-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் ஜீன் ஹெல்லர் அதைச் செய்தியாக்கிய பிறகே, நாற்பது ஆண்டுகள் நீண்ட அந்தக் கொடுமை முடிவுக்கு வந்தது. அரசு தன் குடிமக்களுக்குத் தெரிந்தே தீங்கு செய்யாது என்றும், செய்தாலும் அத்தனை பேர் வாய் திறக்காமல் இருக்க மாட்டார்கள் என்றும் அடித்துச் சொல்பவர்களுக்கு இந்த ஒரு நிகழ்வே போதிய மறுமொழி.

ஆனால் இதே நிகழ்வில், சதி ஆய்வாளர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளாத ஒரு செய்தியும் அடங்கியிருக்கிறது. டஸ்கிகி ஆய்வு பூட்டிய அறைக்குள் நடக்கவில்லை. அதன் இடைக்கால முடிவுகள் 1936 முதல் மருத்துவ இதழ்களில் அச்சாகி வந்தன. நூலகத்துக்குச் சென்ற எந்த மருத்துவரும் அவற்றைப் படித்திருக்கலாம். பலர் படித்தும் இருந்தார்கள். அந்த மனிதர்கள் கறுப்பினத்தவர், ஏழைகள் என்பதால் அது ஒரு குற்றமாகவே அவர்கள் கண்ணில் படவில்லை. மறைக்கப்பட்டதைத் தேடுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இங்கே ஒரு பாடம் உண்டு. நீண்டகாலத் தீங்குகள் பலவும் எவரும் புரட்டிப் பார்க்காத அறிக்கைகளிலும், சலிப்பூட்டும் வரவு செலவுக் கணக்குகளிலும், ஒழுங்காக முத்திரை குத்திய கோப்புகளிலும் வெளிச்சத்திலேயே கிடக்கின்றன. இரகசியக் கூட்டங்களையும் மறைபொருள் சின்னங்களையும் தேடிப் போகிறவர் அவற்றைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்.

உறுதிப்பட்ட வேறு சதிகளையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம். 1953-இல் அமெரிக்க மத்திய உளவு நிறுவனம் தொடங்கிய எம்கே அல்ட்ரா திட்டத்தில், மனிதர்களுக்குத் தெரியாமலேயே அவர்கள்மீது போதைப்பொருள் சோதனைகள் நடத்தப்பட்டன. 1973-இல் அதன் கோப்புகளை அழிக்க அந்த நிறுவனத்தின் தலைவரே ஆணையிட்டார். ஆயினும் கணக்குப் பிரிவின் கோப்புகளோடு கலந்து கிடந்ததால் தப்பிய சுமார் 20,000 ஆவணங்கள், தகவல் பெறும் சட்டத்தின் கீழ் தரப்பட்ட மனுவின் விளைவாக 1977-இல் வெளிப்பட்டன. புகைபிடிப்பதால் புற்றுநோய் வரும் என்பது தெரிந்திருந்தும் அதை மறைக்கப் புகையிலை நிறுவனங்கள் பல பத்தாண்டுகள் கூடிச் செயல்பட்டதை, 2006-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று விரிவான தீர்ப்பில் பதிவு செய்தது. அமெரிக்க மக்களின் தொலைபேசித் தொடர்பு விவரங்கள் மொத்தமாகத் திரட்டப்பட்டு வந்ததை 2013-இல் அமெரிக்க உளவுத் துறையின் முன்னாள் ஒப்பந்தப் பணியாளர் எட்வர்டு ஸ்னோடன் வெளிக்கொணர்ந்தார். இவற்றையெல்லாம் அறிந்த ஒருவர், அடுத்து வரும் அதிகாரபூர்வ அறிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை என்றால் அவரைப் பழிக்க எனக்கு மனம் வராது.

இவை எப்படி வெளிவந்தன என்பதைத்தான் அந்த ஆய்வாளர்களும் நாமும் சேர்ந்து பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஓர் ஆவணம் இருந்தது. பெயர் சொல்லி முன்வந்த ஒரு மனிதர் இருந்தார். அல்லது சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யக்கூடிய ஒரு மன்றம் இருந்தது. குற்றச்சாட்டு இன்ன துறை, இன்ன ஆண்டு, இன்ன செயல் என்று எல்லை கட்டி நின்றது. உலகில் நடக்கும் எல்லாவற்றையும் ஒரே கூட்டம் ஆட்டிவைக்கிறது என்ற அளவில் ஒருவர் பேசத் தொடங்கும்போது, இந்த எல்லைகள் எல்லாம் கரைந்துவிடுகின்றன. எதை மறுத்தால் அந்தக் கூற்று விழும் என்று எவராலும் சொல்ல முடியாத நிலை வந்துவிடுகிறது. வியட்நாம் போரை விரிவாக்கக் காரணமாகக் காட்டப்பட்ட, 1964-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் தேதி டோங்கின் வளைகுடாவில் நடந்ததாகச் சொல்லப்பட்ட தாக்குதல் நடக்கவே இல்லை என்பது இன்று தெளிவு. ஆனால் 2005-இல் வெளியிடப்பட்ட, அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமையின் வரலாற்றாசிரியர் எழுதிய ஆய்வு, மேலிடத்தின் பெருந்திட்டம் ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை. தாங்கள் முதலில் செய்த பிழையை மூடி மறைக்க இடைநிலை அதிகாரிகள் தகவல்களைத் திரித்துக் கொடுத்ததையும், போரை விரும்பியவர்களுக்கு அது வசதியாக அமைந்ததையும் அது காட்டியது. பொய்யும் உண்டு, இலட்சக்கணக்கானோரின் சாவும் உண்டு. ஆனால் கதை நாம் எதிர்பார்த்த வடிவில் இல்லை. அந்த வடிவத்தை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருப்பதும் திறந்த மனத்தின் ஒரு பகுதியே.

இனி, ஐயம் நின்றுவிடும் இடங்களுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஒரு வல்லரசின் பொய்களை நுணுக்கமாகத் தோலுரிப்பவர், அதன் எதிரி வல்லரசின் பொய்யை எந்தச் சோதனையும் இல்லாமல் வாங்கிக்கொள்வது. 1983-ஆம் ஆண்டு ஜூலை மாதம் புதுதில்லியிலிருந்து வெளிவந்த பேட்ரியாட் நாளிதழில், பெயர் குறிப்பிடாத ஓர் அமெரிக்க விஞ்ஞானி எழுதியதாக ஒரு கடிதம் வெளியாயிற்று. எய்ட்ஸ் நோய்க்கிருமியை அமெரிக்க இராணுவம் ஃபோர்ட் டெட்ரிக் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியது என்பதே அதன் சாரம். 1985-இல் சோவியத் இதழ் ஒன்று அதை மேற்கோள் காட்டி எழுதியது. அடுத்த சில ஆண்டுகளில் அது பல மொழிகளில் உலகெங்கும் பரவியது. அந்தக் கதையைக் கிளப்பிவிட்டது சோவியத் உளவு அமைப்பான கேஜிபி என்பதை, 1992-இல் ரஷ்ய வெளிநாட்டு உளவுத் துறையின் தலைவராக இருந்த எவ்கெனி பிரிமகோவ் ஒப்புக்கொண்டார். ஃபோர்ட் டெட்ரிக்கில் ஒருகாலத்தில் உயிரியல் ஆயுத ஆய்வு நடந்தது உண்மை. டஸ்கிகியில் கறுப்பின மக்களுக்கு இழைத்த அநீதியும் உண்மை. அந்த இரண்டு உண்மைகளின் தோளில் ஏறித்தான் பொய் ஊர்வலம் போயிற்று. சதிகளை ஆராய்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த ஆய்வுப் பொருள் இருக்க முடியாது. ஆவணமும் ஒப்புதலும் கொண்ட, முழுமையாக நிறைவேறிய ஒரு சதி இது. அப்படியிருந்தும், எய்ட்ஸ் ஓர் ஆய்வுக்கூடப் படைப்பு என்ற கதையை இன்றும் சொல்லிக்கொண்டிருப்பவர்களில் எத்தனை பேர் அந்தக் கடிதத்தின் பிறப்பிடத்தைச் சொல்கிறார்கள்?

மலேசிய விமான நிறுவனத்தின் எம்எச்17 விமானம் 2014-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் தேதி கிழக்கு உக்ரைன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் உயிரிழந்ததிலும் இதையே கண்டேன். அருகில் ஓர் உக்ரைனியப் போர் விமானம் பறந்தது என்று, அதுவே சுட்டிருக்கலாம் என்ற தொனியில், ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் முதலில் சொன்னது. அடுத்த ஆண்டு, ஏவுகணையைத் தயாரித்த ரஷ்ய நிறுவனமே, தரையிலிருந்து ஏவப்பட்ட பூக் ஏவுகணைதான் விமானத்தை வீழ்த்தியது என்றும், அது உக்ரைன் படையின் வசம் இருந்த பகுதியிலிருந்து வந்தது என்றும் சொன்னது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. மேற்கத்திய அரசுகளின் அறிக்கைகளில் ஒரு சொல் மாறினாலும் அதை வட்டமிட்டுக் காட்டும் ஆய்வாளர்கள் பலர், இந்த முரண்பாட்டை ஓசையின்றிக் கடந்து சென்றார்கள். அதே வேளையில், பத்திரிகைப் பயிற்சியோ உளவுத் தொடர்போ இல்லாமல் தொடங்கிய எலியட் ஹிக்கின்சும் அவரோடு சேர்ந்த பெல்லிங்கேட் குழுவினரும், பொதுமக்கள் எடுத்த ஒளிப்படங்களையும் காணொளிகளையும் சாலையோர அடையாளங்களோடு ஒப்பிட்டு, அந்த ஏவுகணை வாகனம் ரஷ்யாவிலிருந்து வந்த வழியைத் தேடிக் கண்டார்கள். எந்தப் படம், எந்த இடம், எதனால் அந்த முடிவு என்று ஒவ்வொன்றையும் எவரும் சரிபார்க்கும்படி வெளியிட்டார்கள். 2022 நவம்பரில் நெதர்லாந்து நீதிமன்றம், விமானத்தை வீழ்த்தியதில் பங்கு கொண்ட மூவரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. பெருநிறுவன ஊடகத்துக்கு வெளியே இருந்துகொண்டு ஆய்வு செய்ய முடியும் என்பதற்கு இதுவே சான்று. ஆகவே கண்டிப்பான முறை என்பது பணம் படைத்த நிறுவனங்களுக்கு மட்டுமே உரிய ஆடம்பரம் என்று மாற்று ஊடகத்தார் சொல்லித் தப்பிக்க முடியாது.

அடுத்தது இன்னும் ஆழமான இடம். உளவியலாளர் பீட்டர் வேசன் 1960-இல் ஓர் எளிய சோதனையின் முடிவுகளை வெளியிட்டார். 2, 4, 6 என்ற மூன்று எண்களைக் கொடுத்து, இவை ஒரு விதிக்கு உட்பட்டவை, நீங்களும் மூன்று மூன்று எண்களாகச் சொல்லி அந்த விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். பலர் 8, 10, 12 என்றும் 20, 22, 24 என்றும் சொல்லி, ஒவ்வொரு முறையும் விதிக்குப் பொருந்துகிறது என்ற விடையைப் பெற்று, இரண்டு இரண்டாகக் கூடும் எண்கள் என்று உறுதியோடு அறிவித்தார்கள். உண்மையான விதி, ஏறுவரிசையில் உள்ள எந்த மூன்று எண்களும் பொருந்தும் என்பதுதான். தங்கள் ஊகம் தவறாக இருந்தால் அதைக் காட்டிக்கொடுக்கும் எண்களை அவர்கள் சொல்லிப் பார்க்கவே இல்லை. இது சதி ஆய்வாளர்களுக்கு மட்டும் உரிய நோய் அன்று. நம் எல்லோருடைய மனமும் இப்படித்தான் இயங்குகிறது. ஆனால் ஓர் அறிவியலாளரின் பிழையைப் பிடிக்க அவருடைய போட்டியாளர் காத்திருக்கிறார். வழக்கறிஞரின் பிழையை எதிர்த்தரப்பு பிடிக்கிறது. தனியாக இயங்கும் ஆய்வாளரைச் சுற்றி இருப்பவர்களோ அவரோடு உடன்படுபவர்கள் மட்டுமே. மாற்றுக் கருத்தைச் சொல்பவர் விலைபோனவர் என்று வெளியேற்றப்படுகிறார். இந்த நிலையில் ஆயிரம் பக்கங்கள் படித்தாலும் அது 8, 10, 12 என்று சொல்லிக்கொண்டே போவதற்கு ஒப்பாகிவிடும்.

1963 நவம்பர் 22 அன்று டல்லாஸ் நகரில் அதிபர் கென்னடி சுடப்பட்ட இடத்தில், நல்ல வெயிலில் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் நின்றிருந்தார். சுற்றிலும் வேறு எவரும் குடை பிடிக்கவில்லை. கொலையாளிகளுக்கு அவர் அடையாளம் காட்டினார் என்றும், குடைக்குள்ளிருந்து நச்சு ஊசி பாய்ந்தது என்றும் பல ஆண்டுகள் எழுதினார்கள். 1978-இல் அவரே அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து சாட்சியம் அளித்தார். இரண்டாம் உலகப் போருக்கு முன் ஹிட்லரோடு இணங்கிப் போன பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லினின் அடையாளமாகக் கருதப்பட்டது குடை. அந்தக் கொள்கையை ஆதரித்தவர் கென்னடியின் தந்தை. மகனை அதை நினைவூட்டிச் சீண்டவே குடை பிடித்ததாக அந்த மனிதர் சொன்னார். உட்கார்ந்து யோசித்தால் எவருக்கும் தோன்றாத விளக்கம் இது. ஒரு நிகழ்வைப் பெரிதாக்கிப் பார்த்தால் அதில் விசித்திரமான ஏதாவது ஒன்று கட்டாயம் தென்படும். விசித்திரம் தென்பட்டது என்பதாலேயே சதி நிறுவப்பட்டுவிடாது. இதே கொலை வழக்கில், ஒலிப்பதிவுச் சான்றை நம்பி, சதி நடந்திருக்கக்கூடும் என்று 1979-இல் அந்தக் குழு முடிவு செய்ததை ஆய்வாளர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். அந்த ஒலிப்பதிவில் இருப்பவை சுட்ட நேரத்து ஒலிகளே அல்ல என்று 1982-இல் தேசிய அறிவியல் கழகத்தின் குழு காட்டியதை அதே பக்கத்தில் சொல்பவர்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

ஆய்வாளர்கள் சரியாகச் சுட்டிக்காட்டிய ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 2001 செப்டம்பர் 11 அன்று மாலையில் விழுந்த, நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் ஏழாம் கட்டடத்தைப் பற்றிய அரசு ஆய்வு நிறுவனத்தின் வரைவு அறிக்கை, 2008 ஆகஸ்டில் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது. கட்டடம் தடையற்ற வீழ்ச்சியின் வேகத்தைவிட மெதுவாகவே விழுந்தது என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. டேவிட் சாண்ட்லர் என்ற இயற்பியல் ஆசிரியர் காணொளியை அளந்து, ஒரு கட்டத்தில் அது தடையின்றியே விழுந்தது என்று காட்டினார். அதே ஆண்டு நவம்பரில் வந்த இறுதி அறிக்கை, சுமார் 2.25 நொடிகள் அப்படி விழுந்ததை ஏற்றுக்கொண்டு, வெளிப்புறத் தூண்கள் வளைந்து தாங்கும் வலிமையை இழந்த கட்டம் அது என்று விளக்கியது. வெளியில் இருந்த ஒரு தனிமனிதர் அரசு நிறுவனத்தின் கணக்கைத் திருத்திய இந்த நிகழ்வைப் பொதுவூடகங்கள் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் திருத்தத்தை ஏற்றுக்கொண்டதையே குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொண்டு, கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள் என்பது நிரூபணமாகிவிட்டது என்று எழுதியவர்கள், திருத்தாமல் விட்டிருந்தாலும் மூடி மறைக்கிறார்கள் என்றுதான் எழுதியிருப்பார்கள். மறுத்தாலும் சான்று, ஒப்புக்கொண்டாலும் சான்று, பேசாமல் இருந்தாலும் சான்று என்றால், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரோடு எதைப் பேசுவது? தத்துவப் பேராசிரியர் பிரையன் கீலி 1999-இல் எழுதிய கட்டுரையில் இதன் விளைவைச் சுட்டியிருக்கிறார். எதிர்ச் சான்று வரும்போதெல்லாம் கோட்பாட்டைக் காப்பாற்ற இன்னும் ஒரு தரப்பைச் சதிகாரர் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கிறது. முடிவில் நம்புவதற்கு ஒருவரும் மிஞ்சுவதில்லை. எவரையும் நம்ப முடியாது என்றால் அந்த ஆய்வாளர் மட்டும் எதை வைத்து ஆராய்கிறார்?

பணத்தைப் பின்தொடர் என்பது இவர்களுடைய முதல் பாடம். நல்ல பாடம்தான். பிரிட்டிஷ் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 1998-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் 12 குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரை, தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான முத்தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தும் அச்சத்தை உலகெங்கும் பரப்பியது. தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்கத் தயாராகிக்கொண்டிருந்த வழக்கறிஞர் வழியாக அவருக்குப் பணம் வந்தது. அந்தத் தொகை மொத்தத்தில் 4 இலட்சம் பவுண்டுகளைத் தாண்டியது. தனித் தட்டம்மைத் தடுப்பூசி ஒன்றுக்கு அவர் காப்புரிமைக்கும் விண்ணப்பித்திருந்தார். இவற்றைத் தோண்டி எடுத்தவர் பிரையன் டீர் என்ற செய்தியாளர். அவர் எழுதியது பெருநாளிதழ் ஒன்றில். 2010-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. வேக்ஃபீல்டு மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார். மருந்து நிறுவனங்களின் ஒவ்வொரு காசையும் எண்ணிப் பார்ப்பவர்கள், தங்கள் நாயகனின் வருமானத்தைக் கேட்கவில்லை. அம்பலமான பிறகும் அவரைத் தியாகியாகவே மேடையேற்றினார்கள். தங்கள் காணொளிகளுக்கு இடையே துணை உணவு மாத்திரைகளும் பேரிடர்க்கால உணவுப் பொதிகளும் விற்பவர்களிடமும், அச்சம் கூடினால் விற்பனை கூடுமா என்ற கேள்வியைக் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்காததன் விலையைக் கொடுத்தவர்கள் பிள்ளைகளை இழந்த பெற்றோர். 2012 டிசம்பர் 14 அன்று அமெரிக்காவின் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அது நாடகம், அழும் பெற்றோர் நடிகர்கள் என்று, சதிக் கதைகளால் பெயர்பெற்ற அமெரிக்க நிகழ்ச்சித் தொகுப்பாளர் அலெக்ஸ் ஜோன்ஸ் தன் நிகழ்ச்சிகளில் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தார். அதை நம்பியவர்கள் அந்தக் குடும்பங்களை மிரட்டினார்கள். சிலர் வீடு மாறி வீடு மாறி ஒளிந்து வாழ நேர்ந்தது. அந்தக் கொலைகள் முழுக்க உண்மை என்று 2022-இல் நீதிமன்றத்தில் அவர் ஒப்புக்கொண்டார். 100 கோடி டாலருக்கும் மேற்பட்ட இழப்பீடு விதிக்கப்பட்டது. நான் கேள்விதானே கேட்டேன் என்று சொல்லி எவரும் இந்தக் கணக்கிலிருந்து விலக முடியாது. மகனைப் புதைத்துவிட்டு வந்த தாயிடம் நீ உண்மையான தாய்தானா என்று கேட்பதற்கு முன்னால், கேட்பவர் தன் கையில் என்ன சான்று இருக்கிறது என்று நூறு முறை பார்த்திருக்க வேண்டும். மனத்தைத் திறந்து வைத்திருப்பவர் தன் முன்னால் நிற்கும் மனிதரின் துயரத்துக்கும் அதில் இடம் வைத்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகு, மறுபக்கத்தாரை விட்டுவிட்டால் நானும் ஒரே திசையில் பார்த்தவனாவேன். ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக 2003-இல் சொல்லப்பட்டதைப் பெரும்பாலான பெருநாளிதழ்கள் போதிய சோதனையின்றி அச்சிட்டன; அவற்றில் ஒன்றான நியூயார்க் டைம்ஸ், தன் செய்திகள் வேண்டிய அளவு கடுமையாக இருக்கவில்லை என்று 2004 மே மாதத்தில்தான் எழுதியது. கோவிட் கிருமி ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பியிருக்கலாமா என்ற கேள்வி, 2020 பிப்ரவரியில் லான்செட் இதழில் விஞ்ஞானிகள் பலர் கையெழுத்திட்ட அறிக்கையால் சதிக் கோட்பாடு என்று கண்டிக்கப்பட்டது. அந்த அறிக்கையை ஒருங்கிணைத்தவரின் அமைப்புக்கும் சீனாவின் வூகான் ஆய்வுக்கூடத்துக்கும் இருந்த தொடர்பு அப்போது வாசகர்களுக்குச் சொல்லப்படவில்லை. கிருமி மனிதரால் உருவாக்கப்பட்டது என்ற பதிவுகளை நீக்கிவந்த ஃபேஸ்புக், 2021 மே மாதத்தில் அந்தத் தடையை விலக்கிக்கொண்டது. கிருமியின் தோற்றம் எதுவாக இருந்தாலும், கேள்வியை மூடிய விதம் தவறானது. அந்தத் தவறு, பின்னர் வந்த ஆதாரமற்ற கதைகளுக்கெல்லாம் நம்பகத்தன்மையை இலவசமாக வழங்கியது.

சதிக் கோட்பாடுகளை ஆராயும் கல்வியாளர்களுக்கும் இது பொருந்தும். இளவரசி டயானா கொல்லப்பட்டார் என்று நம்புபவர்களே, அவர் இறந்ததுபோல் நடித்து உயிரோடு இருக்கிறார் என்பதையும் நம்பும் சாய்வு கொண்டவர்கள் என்று 2012-இல் ஓர் ஆய்வு சொன்னது. முரண்பட்ட இரண்டையும் ஒருசேர நம்பும் மூடர்கள் என்று அதைக் காட்டிப் பல ஆண்டுகள் ஏளனம் செய்தார்கள். 2023-இல் வேறு உளவியலாளர்கள் அதைத் திரும்ப ஆராய்ந்தபோது, இரண்டையுமே நம்பாதவர்கள் அதிகமாக இருந்ததே அந்தத் தொடர்புக்குக் காரணம் என்று தெரியவந்தது. தங்களுக்குப் பிடித்த முடிவு என்பதால் பகுத்தறிவாளர்களும் அதை ஆராயாமல் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். ஆயினும் இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள விரும்புகிறேன். அந்தப் பிழையைத் திருத்தியவர்கள் அதே துறையினர். திருத்தமும் அந்தத் துறையின் இதழிலேயே வந்தது. திருத்தியவர்களைத் துரோகிகள் என்று எவரும் துரத்தவில்லை. மாற்று ஊடகத்தில் இதற்கு இணையான ஒரு வழக்கம் இன்னும் வேர்விடவில்லை. பத்தாண்டுகளுக்கு முன் உறுதியாகச் சொன்ன எந்தெந்தக் கணிப்புகள் பொய்த்தன என்று பட்டியலிட்டு, ஏன் பொய்த்தன என்று தன் வாசகர்களுக்கு விளக்கும் ஆய்வாளரை நான் தேடிப் பார்த்திருக்கிறேன். ஒரு சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய வாசகர் கூட்டம் சிறியது.

ஆதலால் உங்கள் இதழிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஆய்வாளர்களைப் பற்றி எழுதுவதோடு நில்லாமல், அவர்களில் பொறுப்போடு எழுதுபவர்களை அழைத்து இடம் கொடுங்கள். தாங்கள் முன்வைக்கும் ஒரு கூற்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கான மூல ஆவணங்களை வாசகர் பார்க்கும்படி தரச் சொல்லுங்கள். எந்தச் சான்று கிடைத்தால் அந்தக் கூற்றைக் கைவிடுவார்கள் என்பதை எழுத்தில் முன்கூட்டியே கேட்டு வாங்கி, அதையும் சேர்த்து வெளியிடுங்கள். அவர்களை மறுத்து எழுதுபவர்களுக்கும் அதே நிபந்தனையை வையுங்கள். பிறகு வரும் விடையை, எந்தப் பக்கம் சாய்ந்தாலும், முதலில் வந்த அதே பக்கத்தில் அதே அளவில் அச்சிடுங்கள். அரசுத் தரப்புச் செய்திகளில் பிழை நேரும்போது, உள்பக்க மூலையில் இரண்டு வரியில் திருத்தம் போடும் வழக்கத்தையும் இதே அளவுகோலின்படி மாற்றிக்கொண்டால், பொதுவூடகத்தின் மீது அவர்கள் சுமத்தும் குற்றச்சாட்டுகளில் மிக நியாயமான ஒன்றுக்கு நீங்கள் மறுமொழி அளித்தவர்களாவீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் இதழின் நெடுநாள் வாசகன்